வாசல் திரையில் அம்மாவின் முகம்

கொச்சியில், கொச்சங்காடியில் ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியின் மாடியில் இருக்கிறது பிந்துவின் கம்பெனி. மொத்தமே நாலு பேர். மட்டாஞ்சேரிச் சுக்குக் கிட்டங்கிகளின் வாசலில் வேலையாட்களின் முகம் பார்த்து உள்ளே விடும் மெஷினுக்கு இவர்கள்தான் செயலி செய்கிறார்கள். செயலியை அதற்கு வேண்டிய எல்லாவற்றோடும் ஒரே பொட்டலமாகக் கட்டி, ரெஜிஸ்ட்ரி என்கிற இணையக் கிடங்கில் ஏற்றி, மேலே ஒரு சீட்டு ஒட்டி வைக்க வேண்டும். 'சோதனை' என்று ஒட்டினால் அது ஆபீஸோடு நிற்கும். 'நடப்பு' என்று ஒட்டினால் விடிந்ததும் எல்லா வாசல் மெஷின்களும் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுத்துப் போட்டுக்கொள்ளும். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காது.

ஏற்றுகிற வேலை பாண்டிச்செல்வியுடையது. கெட்டிக்காரிதான், ஆனால் அவசரக்குடுக்கை. வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் வந்தால் மெஷின் தடுக்கிறதா என்று பார்க்க நேற்று சாயங்காலம் அவளுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. போனில் கைக்கு வந்தது அம்மாவின் படம். அதையே போட்டாள், பெயரோடு. நீக்கிய காரணம் கேட்ட இடத்தில் முதலில் இருந்தது 'திருட்டு'. அதைத் தொட்டாள். பெற்றவளின் முகத்துக்குப் பக்கத்தில் அந்தச் சொல் வந்து நின்றபோது அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. பிறகு வைப்பின் தீவுக்குப் போகும் போட்டைப் பிடிக்கும் பரபரப்பில், முந்தின நாள் அடித்த கட்டளையையே திரும்பத் தட்டிவிட்டு எழுந்து போனாள். அதில் இருந்த சீட்டு 'நடப்பு'.

அம்மா மூக்கம்மாள் சுக்குப் பொறுக்குகிறவள். அதுவும் இதே மெஷின் வைத்த கிட்டங்கியில். ஆபீஸில் இது யாருக்கும் தெரியாது. அம்மா ஆலுவாவில் தையல் கடை வைத்திருப்பதாகச் செல்வி வாய் கூசாமல் சொல்லியிருந்தாள். வாசலில் மெஷின் வந்த அன்று, "எம் மக செஞ்சதுன்னு சொல்லட்டுமா?" என்று அம்மா ஆசையாகக் கேட்டாள்.

"என்னைத் தெரியும்னு அங்க மூச்சு விடக்கூடாது" என்று எரிந்து விழுந்தாள் மகள்.

இன்று காலை அவள் பையைக்கூட இறக்கவில்லை, ஆபீஸ் போன் அடித்தது. பிந்து ஸ்பீக்கரில் போட்டாள். சுக்குக் கிட்டங்கி மேஸ்திரி சஜி.

"பிந்து மேடம், உங்க மெஷின் இங்க ஒரு சேச்சியைக் கள்ளின்னு காட்டுது. நம்ம மூக்கம்மாளை. பெரிசா அவங்க போட்டோ, பக்கத்துல சிவப்புல திருட்டுன்னு எழுத்து. ஆளுக எல்லாம் கூடி நின்னு பாக்குறாங்க. அவங்க நின்னு அழுவுறாங்க."

செல்விக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஓடிப்போய் உட்கார்ந்து, 'நடப்பு' சீட்டைப் பழைய பொட்டலத்துக்கு மாற்றி ஒட்டினாள். வாசல் மெஷினை மறுபடி எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

"ம், சரியாயிடுச்சு" என்றான் சஜி.

பிந்து விடவில்லை. "அவங்க போட்டோ நம்ம கிட்ட எப்படி வந்துச்சு, செல்வி?"

"நெட்ல கிடைச்சது சேச்சி."

சொல்லும்போதே காது சுட்டது. அம்மா ஊர் முன்னால் கள்ளியாக நின்ற அந்த நேரத்திலும், அவள் தன் அம்மா என்று வெளியே தெரிந்துவிடுமோ என்றுதான் அவளுக்குப் பயம். அப்படி ஒரு பிறவி.

பிந்துவுக்கு வந்த சந்தேகம் சஜிக்கும் வந்திருக்க வேண்டும். "சேச்சி, அந்த ஆபீஸ்ல உங்களுக்கு யாரையாவது அறியுமா?" என்று போனை மூக்கம்மாள் பக்கம் நீட்டி அவன் விசாரிப்பது ஸ்பீக்கரில் கேட்டது.

"இல்ல சார். அங்க எனக்கு யாரும் இல்ல." அழுகையோடு வந்தது அம்மாவின் குரல். "யாரோ சின்னப் பிள்ளை தெரியாம செஞ்சிருக்கும். ஏச வேண்டாம்னு சொல்லுங்க சார். பாவம், வேலைய விட்டு எடுத்துறப் போறாங்க."

செல்விக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அதற்குமேல் அவளால் உட்கார முடியவில்லை. பிந்துவின் கையிலிருந்து போனைப் பிடுங்கி, எல்லாரும் பார்க்க, "அம்மா, நான்தாம்மா, செல்வி! உன் படத்தை நான்தாம்மா போட்டேன். நீ என் அம்மான்னு சொல்லும்மா, எல்லார்கிட்டயும் சொல்லு" என்று கத்தினாள்.

அந்தப் பக்கம் ஆட்களின் சத்தத்துக்கு நடுவே மூக்கம்மாள் பேசினாள், முதலாளிகளிடம் பேசும் அடங்கின குரலில்.

"எனக்கு ஆள் தெரியலீங்களே மேடம். நீங்க வேற யாரையோ நெனச்சுப் பேசுறீங்க."