பின்னால் ஏற்றிய பதினெட்டுப் பெட்டிகள்

விமானம் விழுந்து ஒன்பது நாள் ஆகிறது. நூற்றுப் பன்னிரண்டு பேர். ஒருவரும் மிஞ்சவில்லை. டிவியில் ஆளுக்கொரு காரணம். ஒருவன் பறவை என்கிறான், ஒருவன் இன்ஜின் என்கிறான். விமானக் கம்பெனிக்காரர்களோ பைலட் விமானத்தின் மூக்கை அதிகமாகத் தூக்கிவிட்டார் என்கிறார்கள். செத்தவன் எழுந்து வந்து மறுத்துப் பேசவா போகிறான்? கோட்டு போட்டவன் எதைச் சொன்னாலும் நான் நம்புவதில்லை.

அந்த விமானத்தில் சரக்கு ஏற்றியவன் நான். முன்பக்கச் சரக்கறையின் கதவு அன்று திறக்கவில்லை. இரண்டு உதை விட்டும் அசையவில்லை. அங்கே போகவேண்டிய பதினெட்டுப் பெட்டிகளையும் பின்பக்கம் ஏற்றினோம். வழக்கம்தான், நேரமானால் திட்டு எங்களுக்கு. இடம் மாறினால் மேஸ்திரி வாக்கி டாக்கியில் ஆபீசுக்குச் சொல்லவேண்டும். எங்கே எவ்வளவு கனம் என்று எழுதிய எடைத் தாளை அவர்கள் மாற்றி பைலட்டிடம் கொடுப்பார்கள். பின்பக்கம் கனம் கூடினால் மூக்கு தானாகத் தூக்கும். மேஸ்திரி என் மச்சினன். என் வீட்டுக்காரிக்கு ஒரே தம்பி.

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. இன்று எங்களைக் கூப்பிட்டிருந்த விசாரணை ஆபீஸ் வராந்தாவிலும் நடந்துகொண்டே இருந்தேன்.

“உட்காருங்க மாமா, தலை சுத்துது.”

“மாப்ள, அன்னைக்கு ஆபீசுக்குச் சொன்னியா இல்லியா?”

“சொன்னேனே.”

“யாரு எடுத்தா?”

பெஞ்சில் இருந்தவன் தரையைப் பார்த்தான். “வாக்கி டாக்கில சார்ஜ் இல்ல மாமா. நேர்ல சொல்லலாம்னு நடந்தேன். பாதி தூரத்துல பிளேன் நகர்ந்துடுச்சு.”

“கையக் காட்டி நிறுத்தறதுக்கென்ன?”

“எத்தனை தடவை இப்படி மாத்தி ஏத்தியிருக்கோம், ஏதாவது ஆச்சா? அவங்களே பறவைன்னு எழுதிடுவாங்க. நீங்க வாயத் தொறந்தா நான் உள்ள போயிடுவேன். அப்புறம் அக்கா உங்களுக்குச் சோறு போடுமா?”

“போடலைன்னா நானே பொங்கிக்கிறேன். உங்க அக்கா சமையலத் தின்னே உயிரோட இருக்கேன்ல?”

அவன் சிரிக்கவில்லை. என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

அதிகாரி டைப் அடித்த தாளை நீட்டினார். “பெரியவரே, இங்க ஒரு கையெழுத்து. எல்லாரும் போடற தாள்தான்.”

“அப்பக் கட்டாயம் படிக்கணும் சார்.”

எழுத்துக் கூட்டிப் படித்தேன். அவர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். நாலாவது வரியில், சரக்கு எடைத் தாளில் உள்ளபடியே ஏற்றப்பட்டது என்று இருந்தது.

“இது பொய் சார். பதினெட்டுப் பெட்டி பின்னால போச்சு. ஏத்தினது இந்தக் கைதான்.”

பேனாவை மூடி வைத்தார். “அதனாலதான் விழுந்துச்சுங்கறீங்களா?”

“எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. பெட்டி மாறினது அந்த பைலட்டுக்கும் தெரியாது. அதைத்தான் சொல்றேன்.”

“யார் சொல்லியிருக்கணும்?”

எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன்.

“மாப்ள, உள்ள வா. நீயே சொல்லிடு. இல்லேன்னா நான் சொல்லிடுவேன்.”

“மாமா, வேணாம்…”

“கூடவே இருக்கேன்டா. வா.”

கதவைப் பிடித்தபடி நின்றேன். கடைசியில் எழுந்தான். என் முகத்தைப் பார்க்காமல் தாண்டி உள்ளே போனான். நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அவனை உட்காரச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.