ஒரு குடும்பத்துக்கு ஒரு வேலை

“கையெழுத்துப் போடுன்னா போடு. நாளைக்கே ஆபீஸ்ல கேக்குறாங்க” என்று பச்சமுத்து காகிதத்தை மகள் முன்னால் தள்ளினார்.

நீலாவதி பேனாவைத் தொடவில்லை. விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் வேலை முடித்து, பஸ்ஸில் நின்றபடியே கம்மாபுரம் வந்து இறங்கியவள். நகக்கண்ணில் வெள்ளைக் களிமண் இன்னும் போகவில்லை.

அவர்களுடைய மூன்று ஏக்கரும் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது. பதிலுக்குக் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை. அது அண்ணன் தேவநாதனுக்கே போகட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். அவள் பீங்கான் டிப்ளமோ படித்தவள். அவன் பத்தாவதை மூன்று தடவை எழுதியும் தேறாதவன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். அண்ணி சண்முகப்ரியாவைத்தான் பொறுக்க முடியவில்லை. வேலை ஆர்டர் வருவதற்குள், சுரங்கத்தில் தரப்போகும் குவார்ட்டர்ஸ் ஜன்னலுக்குத் திரைச்சீலை எடுத்தாயிற்று. தெருவையே கூப்பிட்டுக் காட்டியும் ஆயிற்று. பார்க்கும்போதெல்லாம் நீலாவதிக்கு வயிறு எரிந்தது. எங்கிருந்தோ வந்தவளுக்குக் குவார்ட்டர்ஸ். அந்த நிலத்துச் சேற்றில் நாற்று நட்ட எனக்குத் தினக்கூலியா?

“எனக்கு ஏம்ப்பா அந்த வேல ஆவாது?”

“நீ நாளைக்கு இன்னொரு வூட்டுக்குப் போறவ. வேலையும் ஒங்கூட அங்கல்ல போயிரும்?”

“நெலம் மட்டும் நம்ம வூட்லயா இருக்குது?”

பச்சமுத்து கையை ஓங்கிவிட்டார். தேவநாதன் போனிலிருந்து தலை தூக்கவில்லை. அடுப்படியிலிருந்து சண்முகப்ரியாதான் கரண்டியும் கையுமாக வந்தாள்.

“எங்கப்பா வூட்டு நெலமும் சுரங்கத்துக்குத்தான் போச்சு. எங்கண்ணனுக்கு வேல வேணும்னு கையெழுத்துக் கேட்டாங்க. பி.எஸ்சி. படிச்ச நானே வாயத் தெறக்காம போட்டுக் குடுத்தேன். ஒனக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு இந்த வாயி?”

கோபமாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் கம்மிவிட்டது. நீலாவதி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். இத்தனை நாளும் தான் அவளைப் பார்த்து வெந்தது போல, இப்போது அவள் தன்னைப் பார்த்து வெந்துகொண்டிருக்கிறாள். ‘மாட்டேன்’ என்று சொல்ல முடிகிறதே, அந்தப் பொறாமை.

“நீங்களும் போட்டிருக்கக் கூடாது அண்ணி.”

சண்முகப்ரியா கரண்டியோடு அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள்.

மறுநாள் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, நீலாவதி நில எடுப்பு அலுவலக வரிசையில் நின்றாள். தன் பெயரில் எழுதிய மனுவை நீட்டினாள். குமாஸ்தா கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார்.

“ஏம்மா, வூட்ல ஆம்பளப் புள்ள இல்லியா?”

“இருக்காருங்க. நானும் இருக்கேங்க.”

“ஆம்பள இருக்கற வூட்ல பொண்ணு மனு குடுத்து நான் பாத்ததே இல்ல.”

“இப்பப் பாக்குறீங்கல்ல. மனு வாங்குனதுக்குச் சீட்டு குடுங்க சார்.”