குறுக்கே ஓடிய விரிசல்

லாரிக்காரரின் மனைவி தன் வீட்டுக் கான்கிரீட் பாதையின் விரிசலில் ஊற்றிய சிமெண்ட், ஒன்பது வருடமும் அடுத்தவர் வீட்டு விரிசல்களைத்தான் அடைத்தது. கேட்டிலிருந்து வாசற்படி வரை முப்பது அடிப் பாதை அது. இருபது வருடம் அதில்தான் லாரி நின்றது. லாரிக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, லாரியை விற்ற வருடத்தில், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை மூன்று விரல் அகலத்துக்குக் கான்கிரீட் பிளந்துகொண்டது. செவ்வாயும் வெள்ளியும் ரத்தம் சுத்தம் செய்ய அவரைச் சக்கர நாற்காலியில் ஆஸ்பத்திரிக்குத் தள்ளிப்போக வேண்டும். முன்சக்கரம் சரியாக அந்த இடத்தில் மாட்டும். அவள் சலவைக்கூடத்தில் இரவு ஷிப்டில் எட்டு மணி நேரம் நின்றபடி போர்வைகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு வந்து, நாற்காலியை மூச்சு முட்டத் தூக்கித் தாண்டவைப்பாள்.

முதலில் கொத்தனார் வந்தார். உளியால் ஓரத்தைச் செதுக்கி, தூசி தட்டி, தண்ணீர் தெளித்து, கலவையைத் திணித்து, ஈரச்சாக்கு போட்டு மூடினார். காலையில் சாக்கைத் தூக்கினால் விரிசல் வழித்து நக்கியதுபோல் காலியாக இருந்தது. கொத்தனார் மணலைக் குறை சொன்னார். அவள் மணலை மாற்றினாள், சிமெண்டை மாற்றினாள், கடைசியில் கொத்தனாரையும் மாற்றினாள். பலகை போட்டால் பலகை காணாமல் போய், எதிர்வீட்டு வாத்தியாரின் ஆடுகிற கட்டில்காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தது. மூன்றாம் வருடம், படிக்கட்டுக்குப் பூசி மிஞ்சிய காவிப்பொடியைக் கலவையில் கொட்டினாள். மறுநாள் தெருவில் பதினேழு வீட்டுச் சுவர்களில் சிவப்புக் கோடு ஓடியது. அதுவரை தங்கள் சுவர்கள் தாமாகவே சேர்ந்துகொள்வதைக் கட்டியவரின் கைராசி என்று நினைத்திருந்தவர்கள் தலையைச் சொறிந்தார்கள்.

வாத்தியார் மனைவிதான் முதலில் வந்தாள். "அக்கா, உங்க சிமெண்ட் எங்க சமையல்கட்டுல இருக்கு. சுரண்டிக் கொண்டுவந்து தந்துடட்டுமா?"

"சுரண்டினா உங்க சுவர் தொறந்துக்கும். எனக்கு மூடுமா?"

சுரண்டிப் பார்த்தார்கள். அங்கே திறந்தது, இங்கே மூடவில்லை. பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவளைப் பார்த்தால் குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோல் கடந்து போனார்கள். அவளோ வருடத்துக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், விடாமல் ஊற்றினாள். ஏன் என்று கேட்ட கணவரிடம், "ஊத்தலேன்னா, ஊத்தியிருந்தா சரியாகியிருக்குமோன்னு தோணும். அந்த நெனப்பை வேற யாரு சுமக்கிறது" என்றாள்.

ஆறாம் வருடம் ஒரு வெள்ளிக்கிழமை காலை சக்கரம் மாட்டி, நாற்காலி கவிழ்ந்து, லாரிக்காரர் முகம் குப்புற விழுந்தார். நெற்றி கிழிந்தது. அவள் முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை, கூப்பிடவில்லை. எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

"ஏம்மா, எழுந்திரு. ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு."

"ஆகட்டும். கொஞ்ச நேரம் உட்கார்றேன். எனக்கும் கால் இருக்கு."

வாத்தியார் சமையல்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்தார். பக்கத்து வீடுகளிலிருந்து பல்செட் கட்டுகிறவரும் தபால்காரரும் பார்த்தார்கள். நல்ல சுவர்களுக்குப் பின்னால் நின்று பார்ப்பது அவர்களுக்கே என்னவோபோல் இருந்திருக்க வேண்டும். நாலு பேர் வந்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, லாரிக்காரரை நாற்காலியோடு விரிசலைத் தாண்டி இறக்கினார்கள். வாத்தியார் மனைவி அவளைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். அதன்பின் செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழுக்கு நாலு பேர் கேட்டில் நின்றார்கள். யாரும் முறை போட்டுக்கொள்ளவில்லை. ஒருநாளும் மூன்று பேரானதில்லை, ஐந்து பேரானதும் இல்லை. "நான் லோடு ஏத்தின காலத்துலகூட இவ்வளவு ஆள் வெச்சதில்ல" என்று லாரிக்காரர் சொல்வார். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் நடப்பாள். கை வீசி நடக்கப் பழக அவளுக்கு ஒரு மாதம் ஆனது.

மூன்று வருடம் கழித்து லாரிக்காரர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அன்றும் நாலு பேர்தான் தாண்டவைத்தார்கள். அதற்குப்பின் அவள் சிமெண்ட் வாங்கவில்லை. சலவைக்கூட வேலையையும் விட்டாள். மழை முடிந்ததும் தெருவில் வழக்கம்போல் சுவர்கள் பிளந்தன. பல்செட் கட்டுகிறவர் கொத்தனாரைத் தேடவில்லை. ஒரு வாளியில் கலவையைக் குழைத்து எடுத்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, மாடியில ஒழுகுது. உங்க விரிசல்ல கொஞ்சம் ஊத்திக்கவா?"

மத்தியானத் தூக்கத்தில் இருந்தவள் கண்ணைத் திறக்காமலே, "ஓரத்தை நல்லா நனைச்சுட்டு ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு, மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.