சுற்றிக்கொண்டேயிருந்த வட்டம்

பீங்கான் சூளையிலிருந்து மறுபடியும் புகார் வந்ததும், நெட்டு சரியில்லை என்று சொல்லிச் சமாளிக்கும்படி மஹிராவிடம் சொல்லிவிட்டு இஃப்திகார் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பிவிட்டார். விருத்தாசலம் பாலக்கரையில், செருப்புக்கடை மாடியில் அவர் நடத்தும் சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸில் அவள் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சூளைக்கான புரோகிராமை எழுதியவன் அவளுக்கு முன்பு வேலை பார்த்த இஜாஸ். அவன் துபாய்க்குப் போய்விட, அது அவள் தலையில் விடிந்திருந்தது.

ஊரிலுள்ள சின்னச் சின்னப் பீங்கான் பட்டறைக்காரர்கள் தங்கள் பொம்மைகளையும் ஃபியூஸ் கட்டைகளையும் அந்தச் சூளையில் கொடுத்துத்தான் சுட்டு வாங்குவார்கள். சரக்கை டிராலியில் அடுக்கி உள்ளே தள்ளும்போது, அது யாருடையது என்று செல்போனில் பதிய வேண்டும். பதிந்ததும் டிராலிகளின் பட்டியல் திரையில் வரவேண்டும். ஆனால் வட்டம்தான் சுற்றிக்கொண்டேயிருக்கும்.

மஹிரா போன் செய்தபோது சூளை மேஸ்திரி சாமிதுரை நெட்டைக் குறை சொல்லவில்லை. பதிகிற பெண்ணைத்தான் சொன்னார். பெரியநாயகி ஒரே டிராலியை இரண்டு தடவை பதிந்துவிடுகிறாளாம். இரண்டாவது பதிவு அடுத்த டிராலிமேல் ஏறி, ஒருவர் சரக்கு இன்னொருவர் பேரில் போய், பட்டறைக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்களாம்.

"போன் புடிக்கத் தெரியாத பொம்பளைய உக்கார வச்சது என் தப்புங்க. மண்ணு கொழைக்கிற எடத்துக்கே திருப்பி அனுப்பிட்டேன்" என்றார்.

மஹிரா டிபன் டப்பாவை மூடிவைத்தாள். இஜாஸ் எழுதியதைத் திறந்து, அந்தப் பட்டியலுக்காகப் புரோகிராம், விவரங்களெல்லாம் இருக்கும் டேட்டாபேஸிடம் என்னென்ன கேட்கிறது என்று பார்த்தாள். கேள்விகளால் திரை நிரம்பி வழிந்தது. முதலில் டிராலிகளைக் கேட்டது. அப்புறம் ஒவ்வொரு டிராலிக்கும் தனித்தனியாகப் போய், இது எந்தப் பட்டறை என்று கேட்டது. திரும்பி வந்து, இதில் என்ன சரக்கு என்று கேட்கப் போனது. கல்யாண வீட்டுச் சாமானுக்கு ஒவ்வொரு மிளகாயாகக் கடைக்குப் போய் வாங்கின கதைதான். இஜாஸ் எழுதிய காலத்தில் டிராலிகள் கொஞ்சம், யாருக்கும் உறைத்திருக்காது.

புரோகிராம் எழுத அவர்கள் பயன்படுத்திய ஜாங்கோ என்ற மென்பொருளில், சம்பந்தப்பட்டதையெல்லாம் சேர்த்து ஒரே நடையில் எடுத்துவர வழி இருந்தது. மஹிரா உற்சாகமாகப் பட்டறை, சரக்கு, பழைய சுடுதல் விவரம் என்று அத்தனையையும் சேர்த்து இழுத்தாள். கொஞ்ச விவரமே இருந்த அவள் லேப்டாப்பில் பட்டியல் பறந்து வந்தது. சூளையில் போட்டதும் சர்வரே படுத்துவிட்டது. பழைய விவரங்களின் பாரத்தை அது தாங்கவில்லை. இஃப்திகார் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் அவள் சூளைக்கே போனாள். மண் குழைக்கும் கொட்டகையில், முழங்கை வரை வெள்ளைக் களிமண்ணோடு நின்றிருந்த பெரியநாயகிக்கு நாற்பது வயதிருக்கும். மஹிரா யார் என்று சொன்னதும் அவள் முகம் சுருங்கியது.

"வேணும்னு ரெண்டு தரம் அமுத்தலம்மா. சுத்திக்கிட்டே இருக்குது. ஏறலியோன்னு நெனச்சிதான் இன்னொரு தரம் அமுத்துவேன்."

"அக்கா, அந்தப் பட்டியல்ல ஒங்களுக்கு எது எது வேணும்?"

பெரியநாயகி யோசித்தாள். இதுவரை யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. உள்ளே இருக்கிற டிராலி, ஆள் பேரு, சரக்கு. வெளியே போனதெல்லாம் எதற்கு என்றாள்.

மஹிரா அங்கேயே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து லேப்டாப்பில் புரோகிராமை மாற்றினாள். சூளைக்குள் இருக்கிற டிராலிகள் மட்டும். கூடவே பட்டறையும் சரக்கும் ஒரே நடையில். ஒரு தடவை அழுத்தினால் பொத்தான் மறுபடி அமுங்காதபடியும் செய்தாள். பெரியநாயகி கையைத் துடைத்துக்கொண்டு மஹிராவின் போனில் அழுத்திப் பார்த்தாள். விரலை எடுக்குமுன் பட்டியல் வந்து நின்றது.

சாமிதுரையிடம் போய், தப்பு எங்கள் புரோகிராமில்தான், இந்த அக்கா மேல் ஒன்றுமில்லை என்று மஹிரா சொன்னாள். ஆபீஸ் பேர் கெடும் என்று தெரிந்துதான் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "சரி, நாளையிலேருந்து நீயே பாரு" என்று போனைப் பெரியநாயகியிடம் நீட்டினார். இஃப்திகாருக்கும் மஹிரா அங்கிருந்தே போனில் விஷயத்தைச் சொன்னாள். அவர் பெருமூச்சு விட்டு, என்னிடம் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம் என்றார். அதற்குமேல் திட்டவில்லை.

மஹிரா கிளம்பும்போது பெரியநாயகி கேட்வரை பின்னாலேயே வந்தாள்.

"எங்க வூட்டுக்காரருகிட்ட ஒரு வார்த்த சொல்றீங்களா? நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாரு. தெரியாத வேலைக்கு ஏன் போனேன்னு தெனம் பேச்சு."

அவளே எண்ணைப் போட்டுக் கொடுத்தாள். எதிர்முனையில் அவள் கணவர் தங்கராசு வேப்பூர் ரோட்டில் ஏதோ லாரிச் சத்தத்துக்கு நடுவே இருந்தார். மஹிரா தன்னை யாரென்று சொல்லி, நடந்ததைப் பொறுமையாக விளக்கினாள். அவருக்குப் பாதி புரிந்ததோ என்னவோ, ஒன்றை மட்டும் கேட்டார்.

"அப்ப அவ ஒழுங்காதான் செஞ்சிருக்காளா?"

"ஒழுங்காத்தான் செஞ்சிருக்காங்க."

பக்கத்தில் காதைக் கொடுத்து நின்ற பெரியநாயகி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். களிமண் காய்ந்த புறங்கையால் கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் வெள்ளையாயிற்று. மஹிரா தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள்.