தபால்தலை அளவு வெள்ளை

என் கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். பகலெல்லாம் மற்றவர் கண்ணுக்குத் தெளிவு கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தெளிவில்லாததைத் தேடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஆளில்லாமல் கரை ஒதுங்கிய கப்பல், பூட்டிய அறைக்குள் கேட்ட பியானோ, ஒரே கனவைக் கண்ட இரண்டு பேர் என்று எங்கே மர்மம் இருந்தாலும் விடமாட்டார். என் தம்பி அவருக்கு வைத்த பெயர் துப்பறியும் சிங்கம். சிங்கத்துக்குத் தன் சாவிக்கொத்து எங்கே இருக்கிறதென்று ஒருநாளும் தெரிந்ததில்லை.

மர்மம் போக மிச்ச நேரம் ஓவியம். கல்யாணமான நாளிலிருந்து சாப்பாட்டு மேஜையில் பாதிதான் எனக்கு, மீதி அவருடைய வாட்டர் கலருக்கு. டீயில் தூரிகையை நனைத்துவிட்டுத் தூரிகைத் தண்ணீரைக் குடித்திருக்கிறார். ஒரு பழக்கம் மட்டும் மாறவே இல்லை. எந்தப் படத்திலும் தபால்தலை அளவு இடத்தை வண்ணம் படாமல் விட்டுவிடுவார். மாடி ஜன்னலிலோ தெருமுனையிலோ அந்த வெள்ளை இருக்கும்.

கேட்டால், "அங்க என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. தெரிஞ்சுட்டா அப்புறம் எதுக்குப் பாக்கணும்?" என்பார்.

அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கும் கண் சொருகும். ஜன்னலுக்குப் பின்னால் யாரோ மெல்ல நடப்பதுபோல் இருக்கும். இதை அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் மனிதரைப் பிடிக்க முடியாது.

என்னை மட்டும் அவர் வரைந்ததே இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

அவருக்கு ஒரு கண் எப்போதோ மங்கிவிட்டது. மிஞ்சிய கண்ணுக்கு ஆபரேஷன் என்றார் டாக்டர். பார்வை நிலைக்கலாம், அடியோடு போகவும் செய்யலாம். இவர் சாக்குச் சொல்லித் தேதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம், நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, "உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். மூக்கு காகிதத்தில் படும்படி குனிந்து வரைந்தார். வெயில் தரையிலிருந்து என் பாதத்துக்கு ஏறி, மடிக்கு வந்து, கையில் வெதுவெதுப்பாகத் தங்கியது. நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து அந்தக் காகிதத்துக்குள் போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றியது. சுகமாக இருந்தது.

முடித்ததும் வெள்ளையைத்தான் தேடினேன். முகத்தில் இல்லை, காதோரம் இல்லை, நாற்காலிக் காலிலும் இல்லை. நெற்றித் தழும்புகூட விடாமல் வந்திருந்தது. எனக்குச் சுருக்கென்றது.

"ஊர்பேர் தெரியாத கப்பலுக்கெல்லாம் மர்மம் இருக்கு. எனக்கு ஒண்ணுமே இல்லையா? முழுசாத் தெரிஞ்சுபோச்சா உங்களுக்கு?"

அவர் தூரிகையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

"நாளைக்கப்புறம் பாக்க முடியலேன்னா? உன்கிட்ட எதையும் விட்டுவைக்க மனசு வரலம்மா."

அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. இப்போதே எல்லாவற்றையும் முடித்துக்கொள்கிறாரே இந்த மனிதர்! வண்ணம் இன்னும் காயவில்லை. சொட்டுச் சிந்தினால் அவர் செய்வதுபோலவே பஞ்சை நனைத்து, படத்தில் மடிமேல் இருந்த என் உள்ளங்கையில் ஒற்றி எடுத்தேன். தபால்தலை அளவுக்கு வெள்ளை தெரிந்தது.

"ஐயோ, என்ன பண்ற?" என்று பதறினார்.

"கையில ஒண்ணு வச்சிருக்கேன்."

"என்னது?"

"சொல்லமாட்டேன். கண்ணைச் சரிபண்ணிட்டு வந்து கண்டுபிடிங்க."

குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை. வெயில் நாற்காலியை விட்டுப் போயிருந்தது.

"ஒரு க்ளூவாவது குடேன்," என்றார்.

"முடியாது."

மறுநாள் காலை நான் தலை வாரி முடிப்பதற்குள், சாவிக்கொத்தும் கையுமாக வாசலில் நின்றுகொண்டு என்னை அவசரப்படுத்தினார்.