தண்ணிப் பக்கத்து ஜன்னல்

பாலாறு இரு கரையும் தொட்டு ஓடுகிறதாம், ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று தெருவில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினோம். பொய் இல்லை. ஆனால் நான் பார்க்க வேண்டியது ஆற்றை அல்ல, இருசப்பன் என்கிற ஒருவரை.

இரண்டாம் கல்யாணத்துக்குத் தட்டு வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பெண் பார்ப்பதை எங்கள் குடும்பத்தில் யாரும் விரும்புவதில்லை. ஏதாவது பொது இடத்தில் இரண்டு பேரும் தற்செயலாக இருப்பதுபோல் இருக்க வேண்டும். பேசக் கூடாது. பார்த்துவிட்டு அவரவர் வீட்டில் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லிவிட வேண்டும். வேண்டாம் என்றால் அப்படி ஒரு பார்வை நடக்கவே இல்லை. யாருக்கும் தலைகுனிவு இல்லை. முன்பு ஒருமுறை இருசப்பனின் போட்டோ வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றிக் கேலியாகிவிட்டதாம். அதனால் இந்த முறை போட்டோவும் கிடையாது.

அண்ணன் சொன்ன அடையாளம் இவ்வளவுதான். "செங்கல்பட்டுல ஏறுவாரு. மூணாவது பொட்டி, தண்ணிப் பக்கத்து ஜன்னல். வாலாஜாபாத்துல எறங்கி அவரு மீன்கடைக்குப் பூடுவாரு. சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லிடு வச்சலா. அவங்க இன்னும் ரெண்டு எடம் பாத்துகினு கீறாங்க."

கடலோரத்தில் இருக்கும் எங்கள் சதுரங்கப்பட்டினத்தில் இடது, வலது என்று யாரும் வழி சொல்வதில்லை. தண்ணிப் பக்கம், ரோட்டுப் பக்கம். அதற்கு மேல் எங்களுக்குத் தேவைப்பட்டதில்லை.

எனக்கு நாற்பத்தொரு வயது. கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்து எட்டு வருஷம் ஆகிறது. புதுப்பட்டினத்தில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறேன். எனக்கு என்ன வேண்டும் என்று ரயிலில் ஏறும்வரை தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடிப் போகிறேனா, சரி என்று சொல்லத் தைரியம் தேடிப் போகிறேனா? ஒரு நிமிஷம் அது, மறு நிமிஷம் இது. துணைக்கு வந்த ஷீலா அண்ணி என்னைவிட மூன்று வயது சின்னவள். தலை நிறைய மல்லி வைத்திருந்தாள். எனக்கும் நீட்டினாள். நான் வாங்கவில்லை.

செங்கல்பட்டில் மூன்றாவது பெட்டியில் ஏறினோம். வண்டி புறப்பட்டதும் வலப்பக்கம் ஏரி விரிந்தது. ஏறுகிறவர்களும் இடம் மாறுகிறவர்களுமாக ஒரே நெரிசல். அது அடங்கியபோது ஏரிப் பக்கத்து ஜன்னலில் ஊதாச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். தோலைக் கீழே போடவில்லை, வெளியே ஊதவில்லை, ஒவ்வொன்றாகத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னோடு ஏழு வருஷம் இருந்த மனிதர் எதையும் அது விழுந்த இடத்தில்தான் விடுவார். குனிந்து பொறுக்கியது நான். இப்படிச் சட்டைப் பையில் போடுகிற ஆளோடு ஒரு வீட்டில் இருந்தால் எப்படி இருக்கும்? ரெட்டிப்பாளையம் தாண்டுவதற்குள் மனசு தானாகச் சரி என்று சொல்லிவிட்டது. அது எனக்கே பிடிக்கவில்லை. எட்டு வருஷத்து வைராக்கியம் ஒரு கடலைத் தோலுக்கா கரையும்?

ஏரி எப்போதோ போய்விட்டது. வில்லியம்பாக்கம் தாண்டி இடப்பக்கம் ஆறு வந்தது. செந்தண்ணீர், அதற்கப்பால் பச்சை வயல், வயலுக்கு அப்பால் நீலமாக மலை. பெட்டியே அந்தப் பக்கம் சாய்ந்து போன் நீட்டியது. ஷீலா அண்ணி என் காதோரம் வந்தாள்.

"மீச கொஞ்சம் பெருசு. மத்தபடி தேறும்."

"மீச எங்க கீது? மழமழன்னு கீறாரே."

"உனுக்குக் கண்ணு அவிஞ்சி போச்சா? அதோ, கட்டம் போட்ட சட்ட."

"ஊதா சட்ட அண்ணி!"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"தண்ணி அந்தப் பக்கம்தானே இருந்துச்சி?"

"ஆத்தப் பாக்க வந்துட்டு ஏரியப் பாத்துகினு இருந்தியா? நல்லா பாத்த போ மாப்புளய!"

அண்ணனுக்குப் போன் போட்டோம். லைன் கிடைக்கவில்லை. ஊதாச் சட்டையாகவே இருக்கட்டும் என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். பாலூரில் வண்டி நின்றது. பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் பையோடு எழுந்து வந்து அவர் முதுகில் தட்டினாள். "இன்னும் இன்னா கொறிக்கிற, எறங்குய்யா." அவர் சிரித்துக்கொண்டே அவள் பின்னால் இறங்கிப் போனார்.

யாரோ ஒருவருடைய புருஷன். எனக்கு எதுவுமே நடக்கவில்லை. ஆனாலும் எதையோ பறிகொடுத்தது போல இருந்தது. யாரிடம் போய்ச் சொல்ல?

அப்போதுதான் கட்டம் போட்ட சட்டைக்காரரைப் பார்த்தேன். இருபது நிமிஷமாக என் பார்வைக்காக உட்கார்ந்திருந்தவர். நான் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. நான் எழுந்தேன். அண்ணி என் முந்தானையைப் பிடித்தாள்.

"பேசக் கூடாதுடி!"

"நான் இன்னும் பாக்கவே இல்லியே அண்ணி. பாக்காத ஆளப் பத்தி இன்னா பதில் சொல்றது?"

போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். பழைய சீவரம் மலை ஜன்னலை ஒட்டி வந்தது.

"இருசப்பன்றது நீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் இருந்த அண்ணியைப் பார்த்தார். "நீங்க... அவங்களோட கூட வந்தவங்களா?"

"நான்தான் வச்சலா."

"அப்போ அவங்க?"

"எங்க அண்ணி. ரெண்டு புள்ள கீது."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ. ஏறுனதுலேர்ந்து என்னிய மொறச்சிப் பாத்துகினு இருந்தது அவங்கதாங்க. நீங்க இந்தாண்ட திரும்பவே இல்ல."

"நான் ஏரிப் பக்கம் பாத்துகினு இருந்தேன்."

"நானும் மொதல்ல அங்கதான் குந்தினேன். ஏரி பூடுச்சி. ஆறு இந்தாண்டதானேன்னு எழுந்து வந்துட்டேன்." சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். "ஒரு தப்பு பண்ணிட்டேங்க. பாலூர்லயே எங்க அக்காவுக்கு மெசேஜ் போட்டுட்டேன்."

போனைக் காட்டினார். ஒரே ஒரு சொல். சரி.

"அக்கா இன்னும் பாக்கல. கடையில மீன் வெட்டிகினு இருப்பாங்க. அழிச்சிடவா?"

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அந்தச் சொல் அக்காவிடம் போய், அண்ணனிடம் வந்து, கல்யாணமாகிவிடும். என் வாயால் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அது ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் அவர் சரி சொன்னது மல்லி வைத்த ஒரு முகத்துக்கு. நான் சரி சொன்னது கடலைத் தோலுக்கு. இரண்டு சரியும் இருந்தன. இரண்டிலும் நாங்கள் இல்லை.

"அழிச்சிடுங்க," என்றேன்.

அவர் விரலால் அழுத்தினார். நிமிரவில்லை. வாலாஜாபாத் வந்தது. எழுந்து கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார். வண்டி நகர்ந்தது.

"எறங்கலியா?"

"நீங்க ஒண்ணும் சொல்லலியே. வேணாங்குறீங்களா?"

"தெரியலீங்க."

உண்மையும் அதுதான். அங்கிருந்து அண்ணி கையை ஆட்டி என்ன என்ன என்று கேட்டாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை. அவர் முகத்தை நெற்றியிலிருந்து பார்க்கத் தொடங்கினேன். அவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும், மீசையைத் தடவிக்கொண்டார். இருந்தாலும் பார்வையை எடுக்கவில்லை. காஞ்சிபுரத்துக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.