டீச்சரின் கால்

"காலை எடு! முதல்ல காலை எடு!" என்று கத்திக்கொண்டே அண்ணன் ஆபீஸ் படியிறங்கி வந்தபோது, டீச்சரின் இரண்டு கால்களும் சமர்த்தாகத் தரையில்தான் இருந்தன. ஓட்டப் பழக வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த நர்ஸ், தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, இரண்டு முழங்கால்களையும் மார்பு வரைக்கும் தூக்கிக்கொண்டாள். கார் நியூட்ரலில் இருந்ததால் எல்லோரும் பிழைத்தார்கள். எஞ்சினுக்கு அடியிலிருந்து மட்டும், எண்ணெய் காணாத தையல் மிஷின் மாதிரி, கீச்சென்ற சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது.

"தெரு முனை வரைக்கும் கேக்குது. மூணாவது தடவை. இந்த வண்டி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் அண்ணன்.

"நான் கால் வைக்கலைங்க அண்ணா" என்றாள் டீச்சர்.

"நீ வைக்கல, நான் வைக்கல, பேய் வந்து வச்சிருக்கும்."

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி அது. முதலாளி அண்ணன். அங்கே வண்டியில் ஏறிப் பாடம் எடுக்கும் ஒரே பெண், அவருடைய கூடப்பிறந்த தங்கை. படித்துப் போனவர்கள் டீச்சர் என்று கூப்பிட்டுப் பழக்கிவிட்டார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். அந்தக் கார்களில் கிளட்ச்சும் பிரேக்கும் இரண்டிரண்டு. ஓட்டுகிறவருக்கு ஒரு ஜோடி, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவருக்கு ஒரு ஜோடி. இரண்டையும் இரும்புக் கம்பி ஒன்று இணைக்கும். இந்தப் பக்கம் மிதித்தால் அந்தப் பக்கமும் இறங்கும். ஆகவே கிளட்ச் கெட்டுப்போனால் பழி போட ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை. பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பாள்.

அண்ணன் கையில் ஒரு நியாயமும் இருந்தது. பள்ளியின் இன்னொரு காரில் சீனியர் வாத்தியார் பாடம் எடுக்கிறார். அதற்கும் இதே மாதிரி கியர் தெரியாத ஜனங்கள்தான் வருகிறார்கள். அது கம்மென்று ஓடுகிறது. இதற்கு மட்டும் வருஷம் தவறாமல் கிளட்ச் பேரிங் போகிறது. வித்தியாசம் என்ன? டீச்சர். இதற்கு மேல் கணக்குப் போட அண்ணனுக்குப் பொறுமை கிடையாது.

"திங்கட்கிழமையிலேருந்து இந்த வண்டியை மாப்பிள்ளை பார்த்துப்பார். நீ உள்ள உட்கார்ந்து போனை எடு. நிழல், ஃபேன். உனக்கென்ன குறைச்சல்?"

மாப்பிள்ளை என்பவர் அண்ணன் மகளின் கணவர். போன மாதம்தான் மேனேஜரோடு சண்டை போட்டுக்கொண்டு வேலையை விட்டு வந்திருக்கிறார். அதை அண்ணன் சொல்லவில்லை. டீச்சரும் அப்போது யோசிக்கவில்லை. அவளுக்குக் காதில் விழுந்தது போன் என்ற ஒரு சொல்தான். இங்கே சேர்ந்த புதிதில் இதே அண்ணன் இதே போன் மேஜையில்தான் அவளை உட்கார வைத்தார். அங்கிருந்து எழுந்து இந்தக் காரின் இருக்கைக்கு வருவதற்குள் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். கெஞ்சினாள், சண்டை போட்டாள், ஒரு வாரம் அண்ணனோடு பேசாமல் இருந்தாள். லைசென்ஸ் பரீட்சையில் தோற்றுத் தோற்று வெறுத்துப்போன பெண்கள் இன்று அவளைத் தேடி வருகிறார்கள். இருக்கை சும்மா கிடைத்ததல்ல; சும்மா விடவும் முடியாது.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. இரண்டாவது தடவை பேரிங் போனபோது அவளுக்கே தன் கால்மேல் சந்தேகம் வந்துவிட்டது. தெரியாமல் போய்ப் பெடலில் உட்கார்ந்துகொள்கிறதோ? பாடம் நடக்கும்போது பாதத்தைத் தரையோடு அழுத்தி அழுத்திக் கணுக்கால் வீங்கியது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும், மேஜைக்கடியில் கால் எதையாவது மிதித்துக்கொண்டிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். இதே நர்ஸிடம் ஒருநாள், "நீங்க ஓட்டும்போது நடுநடுவுல என் காலை ஒரு பார்வை பாத்துக்கங்க" என்று கேட்டேவிட்டாள். நர்ஸும் பாவம், அவள் காலைப் பார்த்துக்கொண்டே போய் ஒரு பால் வண்டிக்குப் பின்னால் மயிரிழையில் நின்றாள்.

நர்ஸை ஆபீஸில் காத்திருக்கச் சொல்லிவிட்டு அண்ணனும் தங்கையும் காரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருக்கும் மெக்கானிக் எப்போதும் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு, எதையும் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் கேட்பவர். அண்ணனுக்குப் பல வருஷப் பழக்கம். பானெட்டைத் திறந்து தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"கிளட்ச்சை மிதிங்க சார்... விடுங்க... இன்னொரு தடவை... ம். ரிலீஸ் பேரிங்தான்."

"அது எதனால போகும்? இவகிட்ட சொல்லுங்க."

"மிதிக்கும்போது மட்டும் உழைக்கிற சாமான் சார் அது. மத்த நேரம் சும்மா இருக்கணும். பெடல் மேலயே கால் கிடந்துச்சுன்னா ஓய்வே இல்லாம சுத்தும். சுத்திச் சுத்திக் காஞ்சு போயிடும்."

"கேட்டியா?" என்றார் அண்ணன். தீர்ப்பு வந்துவிட்ட திருப்தி முகத்தில். பிறகு மெக்கானிக் பக்கம் திரும்பி, டீச்சர் அங்கே இல்லாத மாதிரி, "பொம்பளைங்களுக்கு உள்ளூரப் பயம். பயந்த கால் தானா பெடலைத் தேடும். குத்தம் சொல்லி என்ன பண்றது?" என்றார்.

டீச்சருக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. அடி கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இந்தப் பரிதாபத்தை எப்படிப் பொறுப்பது? செருப்பைக் கழற்றி ஒர்க்‌ஷாப் வாசலிலேயே விட்டாள். காரில் தன் இருக்கையில் ஏறி, இருக்கையைப் பின்னால் தள்ளி, இரண்டு கால்களையும் மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"வந்து ஓட்டு."

மற்றவர் முன்னால் அண்ணனை நீங்க என்றுதான் சொல்லுவாள். கோபத்தில் அதுவும் கழன்று போயிற்று.

"என்ன விளையாட்டு இது?"

"என் கால் ரெண்டும் இதோ இருக்கு. நல்லாப் பாத்துக்க. மெக்கானிக், நீங்களும் பின்னால ஏறுங்க. சாட்சி வேணும்."

மெக்கானிக் தர்மசங்கடமாகச் சிரித்துக்கொண்டே ஏறினார். அண்ணன் ஓட்டினார். கடைத்தெருவில் சத்தம் அவர்களுக்கு முன்னால் போனது. பழக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்தார்கள். பழகுநர் பலகை மாட்டிய கார், ஓட்டுவது வாத்தியாருக்கெல்லாம் வாத்தியார், பக்கத்தில் ஒரு பெண் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி சம்மணம் போட்டுக்கொண்டு நேரே பார்க்கிறாள். அண்ணன் காது சிவந்தது. தெரு முடிவில் ஒரு மதிலோரம் நிறுத்தி, எஞ்சினை அணைக்கப் போனார்.

"அணைக்காத. நியூட்ரல் போடு. இப்ப நீயும் காலை எடு. நல்லா பின்னாடி இழுத்துக்க."

அண்ணன் இழுத்துக்கொண்டார். பெடல்கள் எல்லாம் ஆள் இல்லாமல் கிடந்தன. கீச்சொலி அப்படியே வந்துகொண்டிருந்தது.

"இப்ப யாரு கால் இருக்கு அதுல?" என்றாள் டீச்சர்.

மெக்கானிக் கீழே இறங்கி வந்து, குனிந்து, அண்ணனின் கிளட்ச் பெடலை விரலால் அழுத்தினார். அது அசையவில்லை. நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

"ப்ளே இல்லையே" என்று முணுமுணுத்தார். கிளட்ச் பெடல் முதலில் இரண்டு விரல் அகலத்துக்குச் சும்மா இறங்க வேண்டும், அதற்கப்புறம்தான் வேலை தொடங்க வேண்டும். அந்தச் சும்மா இறங்கும் இடம்தான் பேரிங்குக்கு ஓய்வு. இதில் அது துளியும் இல்லை. கேபிள் இறுக்கி வைக்கப்பட்டிருந்தது. யாரும் தொடாமலே கிளட்ச் எந்நேரமும் கொஞ்சம் மிதிபட்டுக்கொண்டிருந்தது.

"யாரு இறுக்கினது?"

மெக்கானிக் பெடலையே பார்த்தார். "நான்தான் டீச்சர். இந்த வண்டிக்கு எப்பவும் இப்படித்தான் வைப்பேன். சார் சொன்னாரு... நீங்க இந்த வண்டில ஏறின புதுசுல. தொட்டாலே வேலை செய்யிற மாதிரி வைங்கன்னு. அந்தம்மா காலுக்கு வேகம் பத்தாதுன்னு. ஒவ்வொரு தடவை பேரிங் மாத்தும்போதும் அதே அளவுல இறுக்கினேன். பழக்கத்துல யோசிக்கவே இல்ல."

"சீனியர் வண்டிக்கு?"

"அதுக்குச் சொல்லலையே."

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். கிள்ளியதை மறந்துவிட்டு, பிள்ளை ஏன் அழுகிறது என்று தொட்டிலை அடிக்கிற ஆளை டீச்சர் அன்றுதான் பார்த்தாள். மறந்திருந்தாரோ, மறக்காமல் இருந்தாரோ, அது அவருக்கே வெளிச்சம். ஏறின முதல் நாளிலேயே, அவள் ஒரு தப்பும் செய்வதற்கு முன்பே, தப்பு செய்வாள் என்று முடிவு கட்டி, அந்த முடிவைக் காருக்குள் நட்டு போட்டு இறுக்கியிருக்கிறார். அவளோ வீங்கின கணுக்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு பாதுகாப்புக்குத்தான்மா சொன்னேன். உன் நல்லதுக்கு" என்றார் அண்ணன்.

"என் காலை நானே நம்பாம ஆக்கிட்டியே, அது எந்த நல்லதுல சேத்தி?"

குரல் உடைந்தது. உடைந்ததற்காகவும் கோபம் வந்தது. மெக்கானிக் அதற்குள் பானெட்டைத் தூக்கி அதன் பின்னால் மறைந்துகொண்டார். ஸ்பேனர் திரும்பும் ஓசை கேட்டது. பெடல் மெல்ல இடம் மாறியது. சத்தம் நின்றது. இத்தனை நாள் அதோடு வாழ்ந்ததில், நின்றதும் தெருவே வேறாகிவிட்ட மாதிரி இருந்தது.

"தேஞ்சது தேஞ்சதுதான். மிதிச்சாக் கத்தும். காலை எடுத்தா வாயை மூடிக்கும்" என்று பானெட்டை மூடினார் மெக்கானிக். "சாமான் வாங்கி வைக்கிறேன். நான் நடந்தே போயிடறேன் சார்." பதிலைக் கேட்பதற்குக்கூட நிற்காமல் போய்விட்டார்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "சரி விடு. இதைப் பெரிசு பண்ணாத. ஆனா திங்கட்கிழமை வாங்கன்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லிட்டேன். எம்பொண்ணு முகத்தைப் பாக்கணும்ல."

அப்போதுதான் டீச்சருக்கு எல்லாம் நேர்கோட்டில் வந்து நின்றது. "மாப்பிள்ளைக்கு வேலை வேணும்னா வேணும்னு கேட்டிருக்கலாமே. எதுக்கு என் காலைத் திருடனாக்கின?"

"மெதுவாப் பேசு. ரோடு."

"நான் இறங்க மாட்டேன் அண்ணா. இன்னிக்கும் மாட்டேன், திங்கட்கிழமையும் மாட்டேன். போன் மேஜை காலியாத்தான் இருக்கு. நிழல், ஃபேன். அவரை உக்கார வை."

அண்ணன் கியரைப் போட்டார். நாற்சந்தி வரைக்கும் இறக்கம்தான், கார் தானாக உருண்டது. அங்கே சிவப்பு விளக்கு. பச்சை விழுந்ததும், இத்தனை காலம் விட்ட மாதிரியே கிளட்ச்சை விட்டார். ஆனால் இது இப்போது சரியான கிளட்ச். பிடிக்கும் இடம் மாறியிருந்தது. கார் இரண்டு தரம் உலுக்கி, நடுச் சந்தியில் செத்து நின்றது.

பின்னால் ஒரு ஹாரன், அப்புறம் பத்து. லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி, பலகையைப் பார்த்துவிட்டு, "கத்துக்கிறவங்களை இந்த நேரத்துலயா கூட்டிட்டு வருவீங்க?" என்று டீச்சரைப் பார்த்துக் கத்தினார். அண்ணன் மறுபடி ஸ்டார்ட் பண்ணினார். மறுபடி உலுக்கி நின்றது. வேர்வை காதோரம் இறங்கியது. அவர் கண் தானாகப் பக்கத்து இருக்கையின் அடிக்குப் போனது. உதவிக்கு அங்கே கால் எதுவும் இல்லை.

"எங்க பிடிக்குது இது?" என்று முன் கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்.

"எனக்கும் தெரியாது. அவசரப்படாம, மெதுவா விட்டுப் பாருங்க" என்றாள் டீச்சர். யாருக்கும் சொல்கிற அதே குரல், அதே நீங்க.

பச்சை போய்ச் சிவப்பு வந்தது. ஹாரன்களுக்கு நடுவில் அண்ணன் மறுபடி ஸ்டார்ட் பண்ணினார்; பாதம் பெடலை முழுக்க அமுக்கியது. கீச்சென்றது. பிறகு இழை இழையாக அவர் அதை மேலே விடத் தொடங்கினார்.